பாராலீகல் படிப்பில் சேரலாமா என்று கேட்கிறவர்களுக்கு

வக்கீல் ஆபீஸ் வேலைக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது சம்பளத்தைப் பற்றி இல்லை, வக்கீலுக்கு உதவியாக வேலை செய்யக் கற்றுத் தரும் பாராலீகல் சான்றிதழைப் பற்றித்தான். "மேடம், பாராலீகல் கோர்ஸ் பண்ணலாமா? போட்ட காசு திரும்பி வருமா?" நான் ரிட்டையர் ஆகி திருச்சிக்கு வந்துவிட்ட பிறகும் இந்தக் கேள்வி போனில் வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த வார்த்தை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டால் உங்களுக்குப் பிரயோஜனம் இருக்காது. அதனால் நடந்ததைச் சொல்கிறேன். என் தப்பும் அதில் வரும்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஒரு சின்ன வக்கீல் ஆபீஸில் நான் செக்ரட்டரி. பெயர்தான் அது, வேலை டைப்பிங், ஃபைல், போன், வருகிறவர்களை உட்கார வைப்பது. ஆபீஸ் சொந்தக்காரர் அந்த நாட்டு வக்கீல், கோர்ட்டில் நிற்பவர் அவர். கேஸைப் படித்து எழுதித் தயார் செய்கிறவர் ஒரு சூடான்காரர். என் வயதுதான் அவருக்கும். அரபியில் வக்கீல்களை உஸ்தாத் என்று அழைப்பார்கள். நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். கோர்ட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடுகிற குமாஸ்தா மஹ்மூத் எகிப்துக்காரர். மூன்று பேருக்கும் நடுவில் நான்.

நான் பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாள் முழுக்க அடிக்கிற காகிதம் என்ன சொல்கிறது என்று பாதி நேரம் எனக்குத் தெரியாது. கட்சிக்காரர் போன் செய்து, "என் கேஸ் ஏன் தள்ளிப் போச்சு?" என்று கேட்டால், "சார் வந்து சொல்வார்" என்பேன். அந்தக் காரணத்தை அரை மணி நேரத்துக்கு முன்னால் என் கையாலேயே டைப் அடித்திருப்பேன். மூன்று வருடம் இப்படி ஓடிய பிறகு எனக்கே என் மேல் சலிப்பு வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் துபாயில் கராமா பக்கம் ஒரு இன்ஸ்டிட்யூட்டின் பாராலீகல் கோர்ஸ் நோட்டீஸ் கைக்கு வந்தது. மளிகைக் கடைக்கு மேல் மாடி. ஒன்பது மாதம், வெள்ளிக்கிழமை தோறும் முழு நாள் வகுப்பு. ஆறாயிரத்து ஐந்நூறு திர்ஹம். என் சம்பளம் இரண்டாயிரத்து அறுநூறு. நோட்டீஸில் படித்து முடித்தவர்கள் கோட் போட்டுக்கொண்டு சிரித்தார்கள்.

என் வீட்டுக்காரர் ஒரு மெயின்டனன்ஸ் கம்பெனியில் ஏசி மெக்கானிக். நோட்டீஸை இரண்டு பக்கமும் படித்தார். "சேரு, சேராதன்னு நான் சொல்லல. ஏற்கனவே படிச்சவங்க ரெண்டு பேரத் தேடிப் பிடிச்சுக் கேட்டுட்டு வா. சிரிக்கிற போட்டோவக் கேக்காத" என்றார். எங்கள் மகளுக்கு அப்போது ஆறு வயது. வெள்ளிக்கிழமை ஒன்றுதான் மூவரும் சேர்ந்திருக்கும் நாள்.  அதுதான் எனக்குக் கனமாக இருந்தது.

இரண்டு பேரைத் தேடிப் பிடித்தேன். ஒருவர் மலையாளி, எங்கள் தெருவிலேயே ஒரு டைப்பிங் சென்டரில் இருந்தார். படித்து முடித்து இரண்டு வருடம் ஆகியும் சம்பளம் ஒரு திர்ஹம் கூடவில்லை என்றார். இன்னொருவர் துபாயில் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தில் இருந்த ஃபிலிப்பைன்ஸ் பெண். அவர் ஒளிக்காமல் பேசினார். இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது அந்தச் சான்றிதழால், வேலையில் நிலைத்தது அதனால் இல்லை என்றார். பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னார். பாடப் புத்தகம் இங்கிலாந்துச் சட்டம். இங்கே கோர்ட் வேறு, மொழி வேறு. புத்தகத்தில் பாதி இங்கே செல்லாது; எந்தப் பாதி என்று வகுப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதை நான் கேட்டுக்கொண்டேன். கேட்டதோடு சரி. அதன் அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

கடைசியாக உஸ்தாத்திடம் போனேன். அந்தக் காகிதத்தை இங்கே எந்தக் கோர்ட்டும் மதிக்காது என்று எடுத்த எடுப்பிலேயே சொன்னார். சம்பளம் கூடுமா என்றேன். சிரித்துவிட்டு, முதலாளியைக் கேள் என்றார். பிறகு எதற்குப் படிக்க ஆசைப்படுகிறாய் என்று கேட்டார். "நான் டைப் அடிக்கிறது என்னன்னு எனக்குத் தெரியணும்" என்றேன். பேனாவை மூடி வைத்தார். "நேரம் இருந்தால் நானே சொல்லித் தருவேன். எனக்கு நேரம் இல்லை. போய்ச் சேர்" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதல் தவணையைக் கட்டிவிட்டேன்.

படிப்பு பிடித்திருந்தது. ஒப்பந்தம் என்றால் என்ன, நோட்டீஸ் என்றால் என்ன, சாட்சி எது, வதந்தி எது என்று ஒவ்வொன்றாகத் திறக்கத் திறக்க, நான் மூன்று வருடமாக இருட்டில் தட்டிக்கொண்டிருந்த எழுத்துகளில் வெளிச்சம் விழுந்த மாதிரி இருந்தது. ஆறு வாரத்தில் எனக்கு நடையே மாறிவிட்டது. இதைக் கவனியுங்கள். இந்தத் தொழிலில் ஆபத்தான காலம் ஒன்றும் தெரியாத காலம் இல்லை, ஆறாவது வாரம்.

எங்கள் கட்சிக்காரர் ஒரு அம்மா, சொத்துத் தகராறு கேஸ். அவருடைய வீட்டில் வேலை செய்த பெண் லட்சுமி, இலங்கையில் ஹட்டன் பக்கம் தோட்டத்தில் பிறந்தவள். அம்மா உஸ்தாத்தின் அறைக்குள் போனதும் லட்சுமி என் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் தமிழ் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தாள். இரண்டு வருட ஒப்பந்தம் முடிந்து நாலு மாதம் ஆகிறது, ஊருக்கு அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், பாஸ்போர்ட் அவர்கள் கையில், என்ன செய்வது என்று கேட்டாள்.

போன வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு வேலை ஒப்பந்தம் பற்றி வகுப்பு. நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஒரு மாச நோட்டீஸ் எழுதிக் குடுத்துட்டு நீ போகலாம். உன் பாஸ்போர்ட்ட அவங்க வச்சிருக்கவே கூடாது. சட்டம் உன் பக்கம்தான்" என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

லட்சுமி நோட்டீஸ் எழுதிக் கொடுத்தாள். ஒரு மாதம் கழித்து அந்த வீட்டை விட்டு இறங்கினாள். வீட்டு அம்மா அன்றைக்கே அவளை ஓடிப்போனவள் என்று போலீஸில் எழுதி வைத்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பிடித்தார்கள். அந்நாள் தொழிலாளர் சட்டம் வீட்டு வேலைக்காரர்களுக்குப் பொருந்தாது. அந்தச் சட்டத்தின் முதல் பக்கங்களிலேயே அது எழுதியிருக்கிறது. நான் படித்த புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

வீட்டு அம்மா ஆபீஸுக்குப் போன் செய்து கத்திய பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. "உங்க ஆபீஸ்லதான் சொல்லிக் குடுத்தாங்களாம்" என்றார். உஸ்தாத் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மறைக்கவில்லை. அவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தி, அவளிடம் சொன்னதை அப்படியே எழுதச் சொன்னார். எழுதினேன். மூன்றே வாக்கியம். இரண்டு முறை படித்தார்.

"இதில் ஒவ்வொரு வாக்கியமும் ஏதோ ஒரு இடத்தில் உண்மை. அவள் நின்ற இடத்தில் உண்மை இல்லை" என்றார்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. மஹ்மூத்தைக் கூட்டிக்கொண்டு அவரே போலீஸில் போய்ப் பேசினார். ஒன்பது நாள் உள்ளே இருந்த பிறகு லட்சுமியை ஊருக்கு அனுப்பினார்கள். திரும்பி அந்த நாட்டுக்குள் வர முடியாதபடி தடையும் போட்டார்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, இன்னும் இரண்டு வருடம் வேறு வீட்டில் வேலை செய்து, கட்டிய வீட்டுக்குக் கூரை போட வேண்டும் என்பது அவள் கணக்கு. அது என்னால் கெட்டது. ஹட்டன் நம்பருக்குப் போன் செய்தேன். "பரவாயில்லக்கா, வீட்டுக்கு வந்துட்டேன் தானே" என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

இரண்டு வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. படிப்பை விட்டுவிடுகிறேன் என்று உஸ்தாத்திடம் சொன்னேன். அவர் ஃபைலில் இருந்து தலையை எடுக்காமலே சொன்னார். "பாதியில் விட்டால் உன்னிடம் மிச்சம் இருக்கப்போவது அந்தப் பாதிதான். இந்த ஆபீஸுக்கு அது வேண்டாம். முடி."

முடிக்கப் போனேன். ஆனால் அதற்குப் பிறகு யார் எது கேட்டாலும் நான் பதில் சொல்லவில்லை, திரும்பக் கேட்டேன். எந்த விசா, எந்தத் தேதி, காகிதம் கையில் இருக்கிறதா, யார் எழுதியது. பதில் சொல்வது வக்கீலின் வேலை. வக்கீல் சரியான பதில் சொல்லத் தேவையானதை எல்லாம் மேஜைமேல் வைப்பது என் வேலை. இந்தப் பாடத்துக்கு, இன்ஸ்டிட்யூட் நோட்டீஸில் எழுதாத ஒரு கட்டணம் இருந்தது. அதை லட்சுமி கட்டினாள்.

இரண்டாம் தவணைக்குப் பிறகு ஒரு புது ஆசிரியர் வந்தார். எந்தக் கேஸ் என்றாலும் முதலில் ஒரே தாளில் காலவரிசை போடச் சொல்வார். தேதி, என்ன நடந்தது, எந்தக் காகிதத்தில் இருக்கிறது. மூன்றே கட்டம். நமக்குப் பாதகமானதையும் விடக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. அதைத் தவிர்த்தால் எதிராளி அதைச் சொல்லுவான், அப்போது உன் தாள் முழுவதும் பொய்யாகிவிடும் என்பார். வகுப்பில் பாதிப் பேருக்கு இது குமாஸ்தா வேலை மாதிரி தெரிந்தது. எனக்கும்தான்.

கடைசிப் பரீட்சைக்கு இரண்டே நாள் இருந்தபோது மணிகண்டன் விவகாரம் வந்தது.

புதன்கிழமை காலை. அப்போதெல்லாம் அரசு ஆபீஸ்களுக்கு வியாழனும் வெள்ளியும் விடுமுறை, புதன் மத்தியானம் எல்லாம் மூடிவிடும். உஸ்தாத் ஃபுஜைராவில் ஒரு சமரசக் கூட்டத்துக்குப் போயிருந்தார், பன்னிரண்டரைக்கு அது முடியும் வரை போன் அணைந்திருக்கும். முதலாளி வெளிநாட்டில். ஆபீஸில் நானும் மஹ்மூத்தும் மட்டும். எட்டரை மணிக்கு இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். ஒருவர் ஒரு டிரெய்லர் கம்பெனியின் மந்தூப், அதாவது அரசு ஆபீஸ் காரியங்களுக்கு ஓடுகிறவர், பாகிஸ்தான்காரர். அந்தக் கம்பெனியின் கேஸ்களை நாங்கள்தான் பார்த்தோம். இன்னொருவன் அன்பு, அங்கே டிரைவர், அரியலூர் பக்கம்.

அன்புவின் ரூம்மேட் மணிகண்டன். முதல் நாள் ஊருக்குக் கிளம்பி ஏர்போர்ட்டுக்குப் போனவனைக் கவுண்டரிலேயே நிறுத்தி உள்ளே வைத்துவிட்டார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு தண்ணி லாரி ஒருவரை இடித்துக் காலை முறித்திருக்கிறது. டிரைவர் கேஸுக்கு வரவே இல்லை. ஆள் இல்லாமலே தீர்ப்பு ஆகி, போன மாதம்தான் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது. டிரைவர் பெயர் மணிகண்டன் ராஜேந்திரன், இந்தியன். பிடிபட்டவன் பெயரும் மணிகண்டன் ராஜேந்திரன், இந்தியன்.

"ஞாயித்துக்கிழம அவனுக்குக் கல்யாணங்கா" என்றான் அன்பு.

மந்தூப் கெட்ட மனிதர் இல்லை. விடுமுறைக்கு முன் காரியம் முடிய வேண்டும் அவருக்கு. கையில் ஒரு அரபிக் காகிதம் வைத்திருந்தார். மணிகண்டன் அதில் கையெழுத்துப் போட்டு அபராதத்தைக் கட்டிவிட்டால் இன்றைக்கே விட்டுவிடுவார்கள், ராத்திரி விமானத்தில் போகலாம் என்றார். போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறவனிடம் நான் போனில் தமிழில் விளக்கிச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்னிடம் கேட்டது. "ஏக் சைன், மேடம். கலாஸ்." ஒரு கையெழுத்து, அதோடு முடிந்தது என்று அர்த்தம்.

மஹ்மூத்தை அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்து ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். தீர்ப்பை ஏற்கிறேன், ஆட்சேபணை மனு போட மாட்டேன் என்று இருந்தது. அந்தத் தீர்ப்பில் அபராதத்தோடு ஆறு மாதம் லைசென்ஸ் முடக்கமும் இருந்தது. காலை முறித்துக்கொண்டவர் நஷ்டஈடு கேட்டுத் தனியாக வழக்குப் போடவும் வழி இருந்தது.

போனில் மணிகண்டன் வந்தான்.  "அக்கா, சைன் போட்டா இன்னிக்கே போயிடலாமா?"

எனக்கு லட்சுமி ஞாபகம் வந்தாள். போடாதே என்று சொல்ல வாய் துடித்தது. அது பதில், என் வேலை இல்லை. போடு என்று மந்தூப் சொன்னபடி சொல்வதும் பதில்தான். அதனால் காகிதத்தில் இருந்ததை மட்டும், கூட்டாமல் குறைக்காமல், மூன்று முறை சொன்னேன். இதில் கையெழுத்துப் போட்டால் அந்த விபத்தைச் செய்தது நீங்கள்தான் என்று ஆகும், லைசென்ஸ் ஆறு மாதம் கிடையாது, அடிபட்டவர் உங்கள்மேல் வழக்குப் போடலாம், பிறகு மறுத்து மனு போட முடியாது.

"நான் தண்ணி வண்டி ஓட்டுனதே இல்லக்கா. வந்த நாள்லேர்ந்து டிரெய்லர்தான்."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"ரெண்டு வருஷம் ஆச்சு. யாருக்கு ஞாபகம் இருக்கு? ஞாயித்துக்கிழம முகூர்த்தங்கா. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு."

"வக்கீல் பன்னெண்டரைக்குப் போன எடுப்பார். கையெழுத்துப் போடறதா வேண்டாமான்னு அவர்கிட்டக் கேட்டுட்டு நீங்க முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் எனக்கு டைம் குடுங்க."

 "சரிக்கா. பன்னெண்டரை" என்றான்.

மஹ்மூத்தைக் கோர்ட்டுக்கு அனுப்பித் தீர்ப்பின் நகலை வாங்கி வரச் சொன்னேன். மந்தூப் கொண்டு வந்த கம்பெனி ஃபைலில் மணிகண்டனின் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் எல்லாப் பக்கமும் இருந்தது. ஒரு தாள் எடுத்து மூன்று கட்டம் போட்டேன்.

பத்து மணிக்கு அன்புவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. அந்த வருடம் அந்த மாதம் மணிகண்டன் ஓமனில் சோஹார் துறைமுக வேலைக்கு டிரெய்லர் கொண்டு போயிருந்தான். கம்பெனிக்குப் போன் போட்டு டிரிப் ஷீட்டை ஃபேக்ஸில் வரவழைத்தோம். போனது இருக்கிறது, வந்தது இருக்கிறது. அன்பு சுவரில் கையை அடித்துச் சிரித்தான். பத்தே முக்காலுக்கு மஹ்மூத் தீர்ப்போடு வந்தார். விபத்துத் தேதியைப் பார்த்தேன். மணிகண்டன் சோஹாரில் இருந்து ஹத்தா எல்லை வழியாகத் திரும்பியதற்கு மறுநாள்.

ஒரே ஒரு நாள்.

மந்தூப் நெற்றியைத் தடவிக்கொண்டார். அன்பு என் மேஜை மேல் சாய்ந்து மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஃபேக்ஸ்தானே. திரும்புன தேதில அந்த ஏழ ஒம்பதாக்கினா யாருக்குத் தெரியும்? நெசமாவே அவன் பண்ணலக்கா."

அவன் சொன்னது உண்மை, மணிகண்டன் செய்யவில்லை. இந்த வேலையில் மிகவும் கஷ்டமான இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். பொய் சொல்கிறவனுக்காகப் பொய் சொல்ல யாருக்கும் ஆசை வராது. உண்மை சொல்கிறவனுக்காகத்தான் வரும். பாஸ்போர்ட்டில் எல்லை முத்திரை இருக்கிறது, அதை அழிக்க முடியாது, பிடிபட்டால் அவன் சொல்கிற எதையும் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அன்புவிடம் சொன்னேன். முத்திரை இல்லாமல் இருந்தாலும் நான் செய்திருக்க மாட்டேன். அதை அவனிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

தாளில் எழுதினேன்: சோஹாரில் இருந்து ஹத்தா வழியாகத் திரும்பினான், எல்லை முத்திரை. அடுத்த வரி: விபத்து, தீர்ப்பு முதல் பக்கம். பார்க்க அசிங்கமாக இருந்தது. சரி, முழுசாகப் போட்டுவிடுவோம் என்று பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்துக்குப் போனேன். திருச்சியில் வழங்கிய தேதி, நம்பர், அதையும் மேலே ஒரு வரியாக எழுதினேன். தீர்ப்பிலும் ஒரு பாஸ்போர்ட் நம்பர் இருந்தது, அதையும் விபத்து வரியில் சேர்த்தேன். நம்பர் வேறு என்று மந்தூப் காலையிலேயே சொல்லியிருந்தார். போலீஸும் அதைப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட் புதுப்பித்திருப்பான், பழைய நம்பராக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

வரிசையாக எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது. மணிகண்டனின் பாஸ்போர்ட் விபத்துக்கு மூன்று வருடம் முன்னால் வழங்கியது. இன்றைக்கும் அதே பாஸ்போர்ட்தான். அப்படியென்றால் விபத்து நடந்த அன்று அவன் பையில் இருந்ததும் இதே நம்பர். தீர்ப்பில் இருக்கிற நம்பர் அவனுடைய பழைய நம்பராக இருக்கவே முடியாது. அது வேறு ஒரு மனிதனுடையது.

மஹ்மூத்திடம் தாளைத் திருப்பிக் காட்டினேன். அவர் இரண்டு வரிகளின் மேலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு சட்டைப் பையில் இருந்து பேனாவை எடுத்துக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்துவிட்டார்.

உஸ்தாத்தின் போன் பன்னிரண்டு நாற்பதுக்குத்தான் கிடைத்தது. நான் கதை சொல்லவில்லை, தாளை மேலிருந்து கீழே படித்தேன். திரும்பி வந்த மறுநாள்தான் விபத்து என்பதையும் படித்தேன். "இதை விடாமல் எழுதினாயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மஹ்மூத்திடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அரபியில் ஏழெட்டு வரி சொல்ல, அவர் எழுதிக்கொண்டார். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசி மணிகண்டனிடம் தாமே கேட்டார். நான் நடுவில் மொழிபெயர்த்தேன். கையெழுத்துப் போட்டால் இன்று போகலாம், போடாவிட்டால் சனிக்கிழமைக்கு முன் பயணத் தடை நீங்காது, ஞாயிறு முகூர்த்தம் நிச்சயமில்லை, ஆனால் என் கருத்தில் போடக் கூடாது, முடிவு உன்னுடையது என்றார்.

மணிகண்டன் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "வண்டி ஓட்டித்தானே அந்தப் பொண்ணுக்குச் சோறு போடணும். சைன் போடலன்னு சொல்லிடுங்கக்கா" என்றான்.

மஹ்மூத் ஓடினார். ஒன்றரை மணிக்குப் பிராசிக்யூட்டரின் அறையில் மனுவையும், பாஸ்போர்ட் ஜெராக்ஸையும், என் தாளின் அரபி மொழிபெயர்ப்பையும் வைத்தார். அன்பு தன் பாஸ்போர்ட்டை ஜாமீனாகக் கொடுத்தான். மாலையில் மணிகண்டன் வெளியே வந்தான். பயணத் தடை மட்டும் சனிக்கிழமை வரை நின்றது.

நடுவில் வந்த வெள்ளிக்கிழமை எனக்குப் பரீட்சை. சட்டத் தகவல் கொடுப்பதற்கும் சட்ட ஆலோசனை கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்குக, பத்து மதிப்பெண் என்று ஒரு கேள்வி வந்தது. மூன்று பக்கம் எழுதினேன். ஆறுதான் போட்டார்கள்.

சனிக்கிழமை உஸ்தாத் என்னையும் பிராசிக்யூட்டர் ஆபீஸுக்குக் கூட்டிப் போனார். அந்தக் கட்டிடத்துக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான். அந்த அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு இதை எழுதியது யார் என்று கேட்டார். உஸ்தாத் எங்கள் டைப்பிஸ்ட் என்று சொல்லவில்லை, செக்ரட்டரி என்றும் சொல்லவில்லை. என் பெயரைச் சொன்னார். மத்தியானம் தடை நீங்கியது. ஆனால் அன்றைக்கு விமானத்தில் இடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் மணமகன் இல்லாமல் போனது. அடுத்த முகூர்த்தம் புதன்கிழமை. மண்டபம் கிடைக்காமல் கோவிலில் வைத்துத் தாலி கட்டினான்.

இனி நீங்கள் கேட்ட கணக்கு. அடுத்த வருடம் எனக்கு நானூறு திர்ஹம் கூட்டினார்கள். கட்டின பணம் வர ஒன்றரை வருடம் பிடித்தது. நாலு வருடம் கழித்து துபாயில் ஒரு பெரிய நிறுவனம் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டது, அது சான்றிதழால்தான். அங்கே சம்பளம் இரண்டு மடங்கு. ஒன்பது மாத வெள்ளிக்கிழமைகள் திரும்ப வரவில்லை. மகள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள், சொல்லிக் காட்ட அவளுக்கு உரிமை உண்டு. லட்சுமி இழந்ததை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியாது. இத்தனையும் சேர்த்துப் பார்த்தும் நான் சொல்வேன், அந்தப் பணம் வீணாகவில்லை. காகிதத்துக்காகச் சேர்ந்திருந்தால் வீணாகியிருக்கும். உங்கள் ஆபீஸில் தவறைத் திருத்த ஓர் ஆள் இருந்தால், நீங்கள் அடிக்கிற காகிதம் உங்களை உறுத்தினால், சேருங்கள். உறுத்தவில்லை என்றால் அந்தப் பணத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டு வாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து மணிகண்டன் திரும்பி வந்தான். கல்யாணப் போட்டோவும் ஒரு டப்பா முறுக்கும் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தான். அவன் மனைவி பெயர் கவிதா, பி.காம். முடித்தவள். அரியலூரில் இருந்தபடியே ஏதாவது படிக்க ஆசைப்படுகிறாளாம். என் மாதிரி படிக்க வைக்கலாமா, அதற்கான தலை இருக்கிறதா என்று நான்தான் பேசிப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். அவன் போனிலேயே கூப்பிட்டுக் கொடுத்தான்.

கல்யாணம் தள்ளிப் போனதில் மனக்கஷ்டமா என்று முதலில் கேட்டேன். ஊரில் கண்டபடி பேசினார்கள், ஜெயிலுக்குப் போன மாப்பிள்ளை வேண்டாம் என்று அப்பாவே சொன்னார் என்றாள்.

"நீ என்னம்மா சொன்ன?"

"எனக்கு அவர்மேல சந்தேகம் இல்லங்க. நிச்சயத்துக்கு முன்னாடியே நான் ஒண்ணு கேட்டிருந்தேன். அவர் பாஸ்போர்ட்டுல இருக்கற பொறந்த தேதியும் ஜாதகத்துல இருக்கற தேதியும் பத்து மாசம் வித்தியாசம். ஏன்னு கேட்டேன். ஸ்கூல்ல சேர்க்கறதுக்காக வாத்தியார் மாத்தி எழுதினதுன்னு ஒடனே ஒத்துக்கிட்டு, மாத்தாத பழைய பர்த் சர்டிஃபிகேட்டையும் காட்டினார். வீட்ல யாருமே அதக் கவனிக்கலங்க."

போனைக் கையால் மூடிக்கொண்டு மணிகண்டனைப் பார்த்தேன். அவன் கவலையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சேத்து விடுங்க" என்றேன்.